ஆயிரம் எழுத ஓர் இடம்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஆகிய ஊர்களின் வழியாக இராகலை வரை ஒடுங்கிய பாதைப் புகையிரதம் ஒன்று முன்னொரு காலத்தில் ஓடிற்று. 1903-ஆம் ஆண்டில் நுவரெலியாவையும் 1904-ஆம் ஆண்டில் இராகலையையும் எட்டிய அப்பாதை 1940-களில் மூடப்பட்டது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் இரண்டரை அடி. கொழும்பிலிருந்து நானுஓயாவுக்கு வரும் பெரும்பாதையின் அகலமோ ஐந்தரை அடி. ஆதலின் எங்கள் மலையின் தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவில் இறக்கப்பட்டு, வேறு வண்டியில் ஏற்றப்பட்ட பின்னரே துறைமுகம் நோக்கிச் சென்றன. ஒரு பாதைக்கென வார்த்த எந்திரம் மறுபாதையில் ஓடாது. எந்திரத்தின்மேலும் குற்றமில்லை, பாதையின்மேலும் குற்றமில்லை. அகலம் வேறு, அவ்வளவே.

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, விடுதி வாழ்வையோ விளையாட்டுப் போட்டிகளையோ பற்றி எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பர். அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுந்தது அகலத்தைப் பற்றியதோர் அனுபவம். பழைய மென்பொருள் ஒன்றைத் திருத்துவதற்கு எந்தப் பணிசெயல் முறைமையை, அதிலும் அதன் எந்தப் பதிப்பைத் தெரிவது என்னும் வினாவே அதன் வெளித்தோற்றம். (எங்கள் நாட்டுப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறுவதைத் தமிழகத்தார் இயங்குதளம் என்பர், பொருள் ஒன்றே.) அதன் உள்ளே இருந்தது வேறொன்று. அதனை இறுதியிற் சொல்லுவோம்.

யாம் கந்தப்பளையை அடுத்த தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தோம். அன்னையார் கொழுந்து பறித்தவர். எம் கல்லூரியிற் கற்று, கொழும்பிற் கணினிப் பயிற்சியும் பெற்று ஊர் மீண்ட காலம் 1994. தோட்டங்களின் முகாமை 1992-ஆம் ஆண்டில் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டிருந்தது. தோட்டக் காரியாலயங்களிற் கணினிகள் மெல்ல நுழையத் தொடங்கிய வேளை. எம்மை அறிந்த பெரிய கிளாக்கர் ஒருவர் தம் காரியாலயத்துக்கு அழைத்து, செக்ரோலைக் கணினியில் ஏற்றித் தருமாறு பணித்தார். எவர் பிரட்டுக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார், அரைப்பேரோ முழுப்பேரோ, பண்டிகை முற்பணத்திற் கழிவு எவ்வளவு, சேமலாப நிதிக்குச் சேர்வது எவ்வளவு என்பவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, மாதந்தோறும் பத்தாந் திகதிக்கு முன் சம்பளச் சீட்டு அச்சிட வேண்டும்.

அக்காலத்து வழக்கப்படி டொஸ் என்னும் முறைமையின்மேல், கிளிப்பர் என்னும் மொழியில் அதனை எழுதினோம். டீபேஸ் முறையிலமைந்த கோப்புகளைக் கையாளும் கட்டளைகளை ஒரே செயற்கோப்பாகத் தொகுத்துத் தருவது கிளிப்பர். சிறிய கணினியிலும் விரைந்து ஓடும். அத்தகைய கோப்பில் ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை இடம் என்பதை முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். ஒரு நாட்சம்பளத்தின் மொத்தத்துக்கு யாம் ஆறு இடம் வகுத்தோம்: ரூபாய்க்கு மூன்று, புள்ளிக்கு ஒன்று, சதத்துக்கு இரண்டு. அதன்படி எழுதக்கூடிய மிகப்பெரிய தொகை 999.99. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நூறு ரூபாயைக்கூட எட்டவில்லை. ஆதலின் மூன்று இலக்கம் தாராளம் என்றே கருதினோம்.

அந்நிரல் உழைத்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதும் வழக்கத்தால் உலகெங்கும் எழுந்த அச்சம் எம்மையும் பற்றியது. '00' என்று எழுதினால் நிரல் அதனை 1900 என்றே கொள்ளும். கிளிப்பரில் அதற்கொரு கட்டளை உண்டு. 30 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு, 00 முதல் 29 வரை இருபத்தோராம் நூற்றாண்டு எனக் கொள்ளுமாறு ஒரு வரியிற் பணித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினோம். 2030-ஆம் ஆண்டை அன்று யார் எண்ணினார்?

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அடிப்படை 900 ரூபாயும் வரவுசெலவுப் படி 100 ரூபாயுமாக, ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015 அளவில் எழுந்த கோரிக்கை அது. ஆறாண்டுகள் மேடைகளிலும் பேச்சுவார்த்தைகளிலும் வேலைநிறுத்தங்களிலும் அலைந்து ஈற்றில் வந்து சேர்ந்தது. அந்த மாத இறுதியில் தோட்டக் காரியாலயத்திலிருந்து எமக்குத் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பழைய பெரிய கிளாக்கர் இளைப்பாறிவிட்டார்; அவர் இடத்திலிருந்தவர் பேசினார்.

"தம்பி, நீங்க எழுதிக் குடுத்த பெட்டிக்கு ஆயிரம் எண்ணத் தெரியலீங்க. நட்சத்திரமா அடிக்குது."

உண்மைதான். வகுத்த இடத்தில் அடங்காத எண்ணைக் காட்டச் சொன்னால் இலக்கங்களுக்குப் பதிலாக உடுக்குறிகளையே கிளிப்பர் காட்டும். அதனைக் கோப்பிற் பதியச் சொன்னால், தரவின் அகலம் பிழை என்று கூறி நின்றுவிடும். இருபத்தேழு ஆண்டுகள் பிழையின்றி ஓடிய நிரல், தொழிலாளர் ஆயிரம் ரூபாய் பெற்ற முதல் மாதத்தில் அவர்களுடைய சீட்டில் வெறும் உடுக்குறிகளை இட்டது. அம்மாதச் சம்பளத்தைக் கிளாக்கர்மார் இரவிரவாகக் கையாலேயே எழுதி முடித்தனர். அடுத்த மாதத்துக்குள் திருத்தித் தருகிறோம் என்று வாக்களித்தோம்.

திருத்தம் சிறிது, அதனைச் செய்வதற்குரிய இடமே அரிது. எம் கையிலிருந்த கணினி 64 பிற்று முறையில் இயங்குவது. கிளிப்பரின் தொகுப்பியோ 16 பிற்றுக் காலத்தது. 32 பிற்று விண்டோசில் அத்தகைய பழைய நிரல்களுக்கென ஒரு தனி அறை இருந்தது. டொஸ் இயங்குவதுபோன்ற தோற்றத்தை அது உண்டாக்கித் தரும். செயலி 64 பிற்று நிலையிற் புகுந்ததும் அதற்கு ஆதாரமான வசதி கிட்டாது போகும். ஆதலின் 64 பிற்று விண்டோசில் அவ்வறை இல்லை. இரண்டரை அடி எந்திரமும் ஐந்தரை அடிப் பாதையும் போலவே ஆயிற்று.

எந்த முறைமையைத் தெரிவது என்று மூவரிடம் ஆலோசித்தோம்.

முதலாமவர் எம்மோடு கற்ற நண்பர், பழைமையிற் பற்றுடையவர். விண்டோஸ் 98 நிறுவிய பழைய கணினியொன்றைத் தேடிப் பிடியுங்கள் என்றார். அவர் கூற்றிற் பொருளுண்டு. விண்டோஸ் 98-இன் அடியில் மெய்யான டொஸ் இருக்கின்றது. பழைய அச்சுப்பொறியின் துறையோடு நிரல் நேராகவே பேசலாம். எனினும் அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2006 யூலை 11-ஆந் திகதியோடு நிறுத்திவிட்டது. அதற்கேற்ற கணினிகளோ மின்கொள்ளளவிகள் வீங்கி, வன்தட்டுகள் தேய்ந்து, ஒவ்வொன்றாய் உயிர் விடுகின்றன. நாளை நின்றுவிடக்கூடிய எந்திரத்தை நம்பி எழுநூறு, எண்ணூறு குடும்பங்களின் கணக்கைத் திருத்தல் தகாது.

இரண்டாமவர் எம் மருமகன். பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயில்பவர். "ஏன் மாமா பழசையே கட்டி அழுகிறீர்கள்? கிளிப்பருக்கு இணையான ஹார்பர் என்னும் திறந்த மூலத் தொகுப்பி 1999 முதல் இருக்கிறதே, அதிலே தொகுத்தால் இன்றைய கணினியிலேயே ஓடுமே" என்றார். நெடுநோக்கில் அவர் சொன்னதே சரி. ஆனால் யாம் பயன்படுத்தியிருந்த பிறர் நூலகங்கள் சில ஹார்பரில் அப்படியே பொருந்தா. நிரல் முழுவதையும் மீளச் சோதிக்க மூன்று மாதமாவது செல்லும். சம்பளநாளோ மூன்று வாரத்தில். டொஸ்பொக்ஸ் பற்றியும் அவரே கூறினார். அது பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்கென எழுந்த நற்கருவி. அதனை ஆக்கியோரே அலுவற் காரியங்களுக்கு அதனை நம்ப வேண்டா என்று எச்சரிப்பர். ஃபிரீடொஸ் நேர்மையான டொஸ்தான். ஆயினும் தமிழ்ச் சம்பளச் சீட்டு அச்சிடுவதற்காகப் பின்னர் யாம் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய துணைநிரல் அதில் ஓடாது.

மூன்றாமவர் தோட்டத்துக் கிளாக்கரே. அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. "இங்க ஓடுற கம்பியூட்டர்ல எக்ஸ்பின்னு போட்டிருக்குங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். எமக்கு வழி காட்டியது அந்த ஒரு சொல்லே.

பழைய மென்பொருளைத் திருத்தப் புகும் இளைஞர்க்கு யாம் ஈண்டு சொல்லக்கூடிய விதி இதுதான்: உமக்கு விருப்பமான பதிப்பையும் பார்க்க வேண்டா, மிகப் புதியதையும் பார்க்க வேண்டா, நிரல் எங்கே ஓடி உழைக்க வேண்டுமோ அவ்விடத்தின் பதிப்பை முதலிற் கேளும். பல இடங்களில் ஓட வேண்டுமாயின், அவற்றுள் மிகப் பழையதைத் தெரிந்து அதிலே ஆக்கும். பழையதில் ஆக்கியது புதியதில் ஓடுதல் பெரும்பான்மை. புதியதில் ஆக்கியது பழையதில் ஓடுதல் சிறுபான்மை.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25-ஆந் திகதி வெளிவந்தது. ஆதரவு முடிந்தது 2014 ஏப்பிரல் 8. அதன் 32 பிற்றுப் பதிப்பிற் கிளிப்பரும் ஓடும், 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6-உம் ஓடும். இரு காலமும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீடு அது. பின்வந்த விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் டொஸ் நிரல்களை முழுத்திரையில் ஓட விடவில்லை. எங்கள் கிளாக்கர்மாரோ முழுத்திரைக்குப் பழகியவர்கள். விண்டோஸ் 10-இன் 32 பிற்றுப் பதிப்பில் அப்பழைய அறையைத் தேடித் திறந்துகொள்ளலாம். ஆயின் அதற்கடுத்த விண்டோஸ் 11-இல் 32 பிற்றுப் பதிப்பே இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14-ஆந் திகதி முடிந்தது.

ஆகவே எக்ஸ்பியின் 32 பிற்றுப் பதிப்பை, மூன்றாம் திருத்தத் தொகுதியோடு தெரிந்தோம். அதனையும் பழைய எந்திரத்தில் நிறுவாது, எம் புதிய கணினியின் உள்ளேயே மெய்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து அதனுள் நிறுவினோம். ஆதரவற்ற முறைமை ஆதலின் இணையத்தோடு அதனைத் தொடுக்கவில்லை. எல்லாம் நிறுவி முடிந்ததும் அந்நிலையை அப்படியே ஒரு படியெடுத்து வைத்தோம். பிழை நேர்ந்தால் ஒரு நொடியில் மீளலாம். கந்தப்பளையில் இன்று தேயிலைத் தொழிற்சாலை விடுதி என்று பலர் அறிந்த ஹெதர்செட் கட்டடம் எம் நினைவுக்கு வந்தது. 1996 முதல் தங்குவிடுதியாக விளங்கும் அங்கே பழைய தொழிற்சாலையின் உருவமும் எந்திரமும் காக்கப்பட்டுள. ஆனால் அதனைத் தாங்கி நிற்பது இன்றைய ஏற்பாடு. எம் மெய்நிகர் இயந்திரமும் அத்தகையதே.

இனி மூலநிரல். அது ஐந்து புளொப்பித் தட்டுகளில், அன்னையார் வீட்டு இரும்புப் பெட்டியுள் இருந்தது. கந்தப்பளைப் பனியை அறியாதார்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் ஊரில் துணி உலர மூன்று நாளாகும், காலணியிலும் பூஞ்சணம் பூக்கும். ஐந்தில் ஒரு தட்டிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. எஞ்சிய நான்கையும் படியெடுத்தோம். ஐந்தாவதில் இருந்த இரு பகுதிகளை, தோட்டத்துக் கணினியில் தற்செயலாகத் தங்கியிருந்த பழைய பிரதியிலிருந்து மீட்டோம். முறைமையைத் தெரிவதன்முன் மூலநிரல் கையில் உண்டா என்று பார்த்திருக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தும் தப்பினோம். எல்லாரும் தப்பார்.

திருத்தத் தொடங்கிய இரவு, நாட்சம்பள வரியைக் கண்டோம். அங்கே 999.99 என்று எம் கையாலேயே எழுதியிருந்தோம். நெடுநேரம் அதனைப் பார்த்திருந்தோம்.

எம் கல்லூரியிற் கணக்குப்பதிவியல் கற்பித்த ஆசான் ஒருவர் இருந்தார். பேரேட்டில் நிரல்களைக் கோடிடும்போது, இன்றைய மிகப்பெரிய தொகைக்கு வேண்டிய இடத்தினும் ஓரிடம் கூடுதலாக விடு என்பார். "ஏன் சேர்?" என்று கேட்டால், "வியாபாரம் வளரும் என்று நம்புகிறவன்தான் கணக்கெழுத வேண்டும்" என்பார். அவ்விடம் விடாத கொப்பியை எம்மிடமே திருப்பித் தந்து மீண்டும் கோடிடச் செய்தவர். அவர் மாணாக்கராகிய யாமே அதனை மறந்தோம்.

மறதி என்று சொல்வதும் முழு உண்மையன்று. அதே நிரலில் காரியாலயச் செலவுக்கும் உரச் செலவுக்கும் எரிபொருட் செலவுக்கும் பத்து இடம், பன்னிரண்டு இடம் என்று வகுத்திருந்தோம். அவை வளரும் என்று எமக்குத் தெரிந்திருந்தது. கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் நாட்கூலி ஆயிரமாகும் என்று மட்டும் எமக்குத் தோன்றவில்லை. அந்தக் கூலியில் உண்டு வளர்ந்தோம். அந்தக் கூலியில் விடுதிக் கட்டணம் கட்டினோம். ஆயினும் அது வளரக்கூடும் என்று நம்பவில்லை. இடமில்லை என்பதும் காரணமன்று. தொண்ணூறு பதின்மர் பெயருக்கு மூன்று மூன்று இடம் கூட்டியிருந்தாலும் 2700 எழுத்தளவே கூடும். ஒரு புளொப்பித் தட்டில் அது ஐந்நூற்றில் ஒரு பங்குமாகாது. இடம் தட்டில் இருந்தது. எம் எண்ணத்தில் இல்லை.

நாட்சம்பளத்துக்கு ஒன்பது இடம் வகுத்தோம். ரூபாய்க்கு ஆறிலக்கம். ஆண்டினை நான்கிலக்கமாக்கி, 2030-க்கென யாமே வைத்துவந்த பொறியையும் அகற்றினோம். பழைய மாதக் கணக்குகள் மூன்றை மெய்நிகர் இயந்திரத்தில் மீள ஓட்டி, அச்சிட்ட சீட்டுகளோடு சதம் சதமாக ஒப்பிட்டோம். பின்னர் தோட்டத்துக்கே சென்று, அங்குள்ள எக்ஸ்பியில், அங்குள்ள புள்ளி அச்சுப்பொறியிலேயே ஓட்டிப் பார்த்தோம். முதலாவது சீட்டு கரகரத்துக்கொண்டு வெளிவந்தது. 1000.00 என்று தெளிவாக இருந்தது. கிளாக்கர் அதனைக் கிழித்து எம்மிடம் நீட்டி, "இப்ப எண்ணத் தெரிஞ்சிருச்சுங்க" என்றார்.

அன்று மாலை அன்னையார் வீட்டுக்குச் சென்றோம். அவர் இளைப்பாறி ஆண்டு பல ஆயின; பார்வை மங்கிவிட்டது; கொழுந்து பறித்த விரல்களின் கறை மட்டும் இன்னும் போகவில்லை. சோதனைக்காக அச்சிட்ட சீட்டொன்றைக் காட்டி, என்ன நேர்ந்தது, எதைத் திருத்தினோம் என்று விளக்கினோம். பணிசெயல் முறைமையும் பதிப்பும் அவருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியது விளங்கியது.

"ஏம்ப்பா, ஆயிரம் எழுத எடமே வைக்கலயா நீ?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே விடையிறுக்க இயலவில்லை.

2024 செப்தெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆயிற்று. அம்மாதமும் அடுத்த மாதமும் எமக்குத் தோட்டத்திலிருந்து அழைப்பு வரவில்லை. நிரல் ஒரு சொல்லும் பேசாது அதனை ஏற்றுக்கொண்டது. மருமகன் சொன்ன ஹார்பருக்கு நிரலை மாற்றும் வேலையை இப்பொழுது அவரும் யாமும் சேர்ந்து செய்கின்றோம். பெயர்களையும் இனி ஆங்கில எழுத்தில் அன்றித் தமிழிலேயே யூனிகோட் முறையிற் பதிவோம். எக்ஸ்பியின் படி அதுவரை பூட்டிய அறையில் தன் கடமையைச் செய்யும்.

பதிப்புகள் தோன்றும், மறையும். இரண்டரை அடிப் பாதையும் எங்கள் மலையிலிருந்து மறைந்தது. எந்தப் பதிப்பைத் தெரிவது என்பதற்கு விதி உண்டு. அதனை மேலே சொன்னோம். எத்தனை இடம் விடுவது என்பதற்கும் விதி உண்டு. அதனை எம் கல்லூரியில் ஓர் ஆசான் சொன்னார். கணக்கெழுதப் போகும் எம் தம்பிமார், தங்கைமார், யாருடைய கூலியை எழுதுகின்றார்களோ அவர்கள் வளர்வார்கள் என்று நம்பி, ஓரிடம் கூடுதலாக விடுவார்களாக.